சாமி பேரில் எடுத்த வட்டி

நல்லூரில் நாங்கள் வீடு கட்டக் கடன் கேட்டுப் போனபோது பேங்கில் ஒரு கேள்வி கேட்டார்கள். நிலையான வட்டியா, மாறும் வட்டியா என்று. அதற்கு நான் என்ன சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்பதை இதுவரை என் மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

எனக்குப் பெரிய படிப்பு இல்லை. எட்டாவதோடு பனியன் கம்பெனிக்குப் போனவன். டெய்லருக்குத் துணியைக் கைமடித்துக் கொடுத்து, பண்டல் தூக்கி, பிறகு கட்டிங் மாஸ்டர் ஆனேன். துணியை எத்தனை அடுக்குப் போட்டால் எத்தனை உருப்படி விழும் என்று பார்த்தவுடனே சொல்லிவிடுவேன். வட்டிக் கணக்கு மட்டும் எனக்குப் பிடிபட்டதில்லை.

அது இரண்டாயிரத்து நாலாம் வருஷம். கடன் நாலு லட்சம். பதினைந்து வருஷத்தில் கட்டி முடிக்க வேண்டும். நிலையான வட்டி என்றால் மாதத் தவணை மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. மாறும் வட்டி என்றால் மூவாயிரத்து எழுநூற்றுப் பத்து.

"மாறும்னா ஏறிருங்களா சார்?" என்று கேட்டேன்.

"நாலஞ்சு வருசமா இறங்கிட்டுத்தானுங்க இருக்குது. ஏறுனாலும் ஏறலாம். அது நம்ம கையில இல்லீங்க" என்றார் அந்த ஆபீசர்.

மாதம் இருநூற்று முப்பது ரூபாய் மிச்சம். என் மனசு அப்போதே அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. ஆனால் வெளியே வந்ததும் மனைவி சொன்னாள், "ஏனுங்க, அம்மனை ஒரு வாக்குக் கேட்டுப்போட்டுக் கையெழுத்துப் போடுங்க."

எங்கள் வீட்டில் அது பழக்கம். பெண் எடுப்பதானாலும், போர்வெல் போடுவதானாலும் காங்கேயத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் குலதெய்வம் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்போம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் போட வேண்டும். கேட்பவன் கேள்வியை மனதுக்குள் நினைக்க வேண்டும், வாய்விட்டுச் சொல்லக் கூடாது. இன்னொருவர் ஒரு பொட்டலத்தை எடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது.

நான் நினைத்தேன், "தாயே, மாறும் வட்டிக்கே போகட்டுமா?" மனைவி குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பூசாரி பிரித்தார். சிவப்பு.

"என்னன்னு நெனச்சீங்க?" என்று கேட்டாள்.

"நிலையான வட்டி எடுக்கலாமான்னு நெனச்சேன். வேண்டாம்னு சொல்லிருச்சு."

சொல்லி முடிக்கிற வரைக்கும் அப்படிச் சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பூசாரி விபூதி கொடுத்தார். வாங்கிப் பூசிக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீடு கட்டி முடிந்தது. ஒரு ஹால், ஒரு ரூம், சமையற்கட்டு, வடகிழக்கு மூலையில் அம்மனுக்கு ஒரு மாடம்.

அடுத்த தெருவில் என் அக்கா இருந்தாள். மாமா தவறிப்போனபோது அவர் வேலை பார்த்த மில்லில் கொடுத்த பணம் ஒரு லட்சத்தைப் பேங்கில் டெபாசிட் போட்டிருந்தாள். அந்த வட்டிதான் அவளுக்கு அரிசியும் பருப்பும். குழந்தை குட்டி இல்லை. வட்டி குறைந்திருந்த அந்த வருஷங்களில் மாதம் ஐந்நூறுகூட வராது. "எம்பட பணத்தைப் பாய் போட்டுத் தூங்க வெச்சிருக்கறாங்க சாமி" என்பாள்.

இரண்டு வருஷம் போனதும் வட்டி ஏற ஆரம்பித்தது. டி.வி.யில் சொல்லுவார்கள், பேங்க் வட்டி மறுபடியும் உயர்வு என்று. டெபாசிட்டைப் புதுப்பித்துவிட்டு வந்த அக்கா கையில் ஒரு கிலோ லட்டு. இனி மாதம் எண்ணூறு ரூபாய் வருமாம்.

"உனக்கு வட்டி ஏறுனா எனக்கு இனிக்குது. இதென்ன பொழப்பு கண்ணு?" என்று சிரித்தாள்.

"எனக்கு ஒண்ணும் ஏறலக்கா. அதே மூவாயிரத்து எழுநூத்திப் பத்துத்தான்" என்றேன்.

உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன். பேங்கிலிருந்து இங்கிலீஷில் கடிதம் வரும். நான் அதில் ஒன்றே ஒன்றைத்தான் தேடுவேன், தவணை எவ்வளவு என்று. அது மாறியிருக்காது. கடிதத்தை மடித்து பீரோவில் வைத்துவிடுவேன். கம்பெனியில் மற்றவர்கள் வட்டியைப் பற்றிப் புலம்பும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அம்மன் என் பொய்யை மன்னித்துவிட்டாள் என்றே எடுத்துக்கொண்டேன். ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் புடவை சாத்திவிட்டுக்கூட வந்தோம். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "அன்னைக்கு நாம நிலையான வட்டிக்குப் போயிருந்தா மாசாமாசம் இருநூறு ரூபாய் தெண்டமுங்க" என்றாள்.

நாலு வருஷம் ஆனபோது பேங்கில் நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. போனேன்.

"கடன் எப்ப முடியும்னு நெனைக்கறீங்க?" என்று கேட்டார் மேனேஜர்.

"பதினஞ்சு வருசமுங்க. நாலு போச்சு. இன்னும் பதினொண்ணு."

அவர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். இன்னும் இருபத்து நாலு வருஷம் என்று இருந்தது.

"தவணை ஏறவே இல்லீங்களே சார்?"

"தவணைய ஏத்தலீங்க. வருசத்தை ஏத்தியிருக்கோம். கடிதம் அனுப்பியிருக்கோமே. ஏழரையில இருந்த வட்டி இப்பப் பன்னெண்டு. நீங்க கட்டற மூவாயிரத்து எழுநூத்திப் பத்துல மூவாயிரத்து ஐந்நூறு வட்டிக்கே போயிருது. அசல்ல கழியறது இருநூத்திப் பத்து."

எனக்கு நாற்பத்தேழு வயது. எழுபத்தொன்று வரைக்கும் கட்ட வேண்டும். அந்த வயது வரைக்கும் கடனை நீட்டிக்க பேங்க் விதி இடம் தராது, பழையபடி பதினொரு வருஷத்தில் முடிக்க வேண்டுமானால் மாதம் நாலாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு கட்டுங்கள், இல்லையென்றால் எண்பதாயிரம் மொத்தமாகக் கட்டிவிடுங்கள் என்றார். நான் சரிங்க என்றேன். அவர் டீ குடிக்கிறீர்களா என்று கேட்டார். குடித்தேன். எழுந்து வந்துவிட்டேன். கோபமோ அழுகையோ எதுவும் வரவில்லை.

மாதம் ஆயிரத்து எண்பது ரூபாய் அதிகம். கம்பெனி முன்புபோல ஒன்றரை ஷிப்ட் ஓடி, அந்த அரை ஷிப்ட் கூலியும் வந்திருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பேன். எங்கள் முதலாளி அந்த மாதம்தான் ஒரு ஷிப்டாகக் குறைத்திருந்தார். புது மிஷின் ஆர்டரையும் நிறுத்திவிட்டார்.

"மாஸ்டர், இந்த வட்டிக்குக் கடன் வாங்கி மிஷின் போட்டா, மிஷின் பேங்குக்குத்தான் ஓடும். கையில இருக்கறதை டெபாசிட்டுல போட்டா அது பாட்டுக்கு வளருது. கொஞ்ச நாளைக்கு அப்படியே இருப்போமுங்க" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அக்கா செய்ததைத்தான் அவரும் செய்தார்.

வீட்டில் சொன்னேன், கடன் விஷயத்தை மட்டும். அன்று சாயங்காலமே அக்கா வந்துவிட்டாள். கையில் டெபாசிட் ரசீது.

"இந்தா. ஒடச்சு எண்பதாயிரத்தைக் கட்டிப்போடு. ஊடு போயிருச்சுன்னா வருமா?"

"நீ என்னத்தச் சாப்புடுவே?"

"உன்ற ஊட்டுல சாப்புடறேன். அம்மிணி சோறு போடமாட்டாளா?"

மனைவி சொன்னாள், "போடாம என்னுங்க நங்கை." அக்காவை அவள் நங்கை என்றுதான் கூப்பிடுவாள். பிறகு என்னைப் பார்த்து, "எதுக்கும் வெள்ளிக்கிழமை போய் அம்மனைக் கேட்டுப் பாத்துரலாமுங்க. போன தடவ சரியாத்தானே சொல்லுச்சு. வட்டி ஏறும்னு அதுக்குத் தெரியாமயா இருக்கும், நமக்கு வேறென்னமோ நெனச்சிருக்கு" என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அக்கா போனதும் சொன்னேன். மனதில் நினைத்தது என்ன, வந்தது என்ன, அவளிடம் சொன்னது என்ன என்று மூன்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கடைசி வெங்காயம் வரைக்கும் உரித்தாள். தோலை அள்ளிக் குப்பையில் போட்டாள்.

"அம்மன் வேண்டாம்னுதான் சொல்லியிருக்குது" என்றாள்.

"ஆமாம்."

"நாலு வருசமா அதும்மேல பழி போட்டுட்டுப் புடவை சாத்தியிருக்கறோம்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அன்று முழுக்க அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் காலையில் எனக்குச் சோறு கட்டிக் கொடுக்கும்போது சொன்னாள், "நங்கை பணத்தைத் தொட வேண்டாமுங்க. அந்தம்மா பொட்டலமும் எடுக்கல, கையெழுத்தும் போடல. ஊட்டை வாடகைக்கு உடுங்க. நாம லைன் ஊட்டுக்குப் போயிரலாம்."

அப்படியே செய்தோம். எங்கள் வீட்டுக்கு மாதம் இரண்டாயிரத்து இருநூறு வாடகை. இரண்டு தெரு தள்ளி, ஒரே வரிசையில் எட்டு அறைகள் இருக்கிற லைன் வீட்டில் ஓர் அறை எங்களுக்குத் தொள்ளாயிரம். ஏறின தவணைக்கு அந்த மீதி போதும். அக்கா மூன்று நாள் எங்களோடு பேசவில்லை. "எம்பட காசு உங்களுக்குத் தீட்டா?" என்று மட்டும் கேட்டனுப்பினாள். அவளுக்குக் காரணம் சொல்லவில்லை, மனைவியும் சொல்லவில்லை.

நான் தனியாக ஒரு நாள் கோயிலுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கேட்டேன் என்றுதான் சொல்ல முடியும். கைகூப்பி நின்றேன், சொல்ல வேண்டியதைச் சொன்னேன். முன்பெல்லாம் அந்தச் சந்நிதியில் உடம்பு சிலிர்க்கும். அன்று கால் வலித்தது, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்கு வாடகைக்கு வந்தவர்கள் தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். இரண்டு பேரும் பனியன் கம்பெனியில் வேலை. முதல் மாத வாடகை வாங்கப் போனபோது அந்தப் பெண் கதவைத் திறந்தாள்.

"அண்ணாச்சி, மூலையில ஒரு மாடம் இருக்கில்லா, அதுல மாதா படம் வச்சிருக்கோம். ஒண்ணும் தப்பில்லையே? உங்ககிட்டக் கேக்காமச் செஞ்சிட்டமேன்னு இவுக ஏசுனாக."

"சாமிக்குக் கட்டுன எடந்தானுங்க. வெச்சுக்கங்க" என்றேன்.

பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டுக்குள்ளிருந்து மெழுகுவர்த்தி எரிகிற வாசனை வந்தது.

"உள்ள வாங்க அண்ணாச்சி, வாசல்லயே நிக்கியளே. காப்பி போடுதேன்."

"இல்லீங்க, பேங்க் மூடிருவாங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன்.