மாமாவின் வெள்ளி மண்டை

இரண்டாம் உலகப் போர் மூண்ட ஆண்டு, சித்திரை மாதம். பாகூர்ப் பக்கம் எங்கள் ஊரில் கரும்பு ஆலை ஓட்டிய மாடு மிரண்டு, ஆலைமரம் சுழன்று என் அக்கா புருஷன் தலையில் அடித்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் நொறுங்கிய எலும்பை எடுத்துவிட்டுத் தைத்தார்கள். மாமா பிழைத்தார். ஆனால் நெற்றிக்கு மேலே இடப்பக்கம் நாலு விரல் அகலத்துக்கு எலும்பில்லை. தோல் மட்டும் தவளைத் தொண்டைபோல் துடித்தது. அங்கே இன்னொரு அடி பட்டால் ஆள் மிஞ்சமாட்டார் என்று துரை டாக்டர் சொல்லிவிட்டார். அன்றுமுதல் மாமா தென்னை மரத்தடிப் பக்கமே போவதில்லை.

வெள்ளித் தகட்டால் மூடலாம் என்றார் டாக்டர். தலையில் மெழுகை அழுத்தி அச்செடுத்து என்னிடம் கொடுத்தார். அம்மனுக்குக் கவசம் அடிக்கும் பத்தரிடம் கொண்டுபோனேன். அக்காவும் அவரிடமே ஒரு வெள்ளித் தலை சொல்லியிருந்தாள். உடம்பில் எது நோகிறதோ அதை வெள்ளியில் செய்து மாரியம்மன் உண்டியலில் போடுவது எங்கள் வழக்கம். பத்தர் இரண்டையும் தனித்தனியே ரோஸ் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். ஆடி இரண்டாம் வெள்ளியன்று அக்கா ஒரு மடிப்பை உண்டியலில் போட்டாள். (மூன்றாம் வெள்ளி என்று இன்றும் சாதிக்கிறாள்.)

ஆஸ்பத்திரியில் டாக்டர் மற்ற மடிப்பைப் பிரித்தார். கண், மூக்கு, முறுக்கு மீசையோடு ஒரு குட்டித் தலை. அதை மாமாவின் தலைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பிரெஞ்சில் ஏதோ கேட்டார்.

“மீசைய எங்க வச்சுத் தைக்கிறதுன்னு கேக்கறாரு,” என்றார் கம்பவுண்டர்.

தகடு உண்டியலுக்குள் போயிருந்தது. வேறு அடிக்க நாளில்லை. டாக்டர் அடுத்த கப்பலில் பிரான்சுக்குப் போகிறார். கோயில் தர்மகர்த்தாவுக்கும் மாமாவுக்கும் வரப்புத் தகராறு வேறு.

“உண்டியல்ல வுழுந்தது ஆத்தாளுது. தர முடியாது,” என்றார் தர்மகர்த்தா.

“ஆத்தாளுக்கு இன்னாத்துக்குய்யா எம் புருஷன் மண்ட?” என்றாள் அக்கா.

பூ வைத்து ஆத்தாளையே கேட்கலாம் என்றார் பூசாரி. அம்மன் தலையில் வைத்த பூ வலப்பக்கம் விழுந்தால் சம்மதம். வைத்தார். கற்பூரம் எரிந்து அணைந்தது, பூ அசையவில்லை. அக்கா முதலில் அம்மனைக் கெஞ்சினாள், பிறகு திட்டினாள். சாம்பிராணிப் புகையில் மாமாவுக்குத் தும்மல் வந்தது. பயந்துபோய் இரண்டு கையாலும் தலையைப் பொத்தினார். தூக்கிய முழங்கை தொங்கிய மணியில் இடித்துக் கணீரென்றது. பூ வலப்பக்கம் விழுந்தது.

“தும்மல் அபசகுனம். செல்லாது,” என்றார் தர்மகர்த்தா.

“தும்முனது அவன். பூவ வுட்டது ஆத்தா,” என்றார் பூசாரி.

உண்டியல் திறந்தது. மீசைக்காரர் உள்ளே போனார்; தகடு வெளியே வந்தது. கப்பல் புறப்படுமுன் டாக்டர் அதை வைத்துத் தைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

தை மாதம் வரப்புத் தகராறு மறுபடி கிளம்பியது. தர்மகர்த்தா கம்பை ஓங்கினார். அதுவரை தேங்காய் விழுவதற்கே பயந்த மாமா, குனிந்து தலையின் வலப்பக்கத்தை நீட்டினார்.

“அடிய்யா! ஆத்தா உண்டியல்ல இருந்து வந்த தகடு. தைரியம் இருந்தா அடி!”

ஓங்கிய கம்பு அப்படியே நின்றது. பின்னாலிருந்து அக்காவின் குரல் மட்டும் கேட்டது:

“யோவ்! தகடு அந்தப் பக்கம்யா!”