காரின் ஏசிக்குள் அடுப்பு கேஸ்

இன்று பூதலூரிலிருந்து தஞ்சாவூருக்கு என் பழைய காரை ஏசி வேலைக்குக் கொண்டுபோனேன். முப்பது வயதான வண்டி. அதற்குரிய கேஸ் இப்போது கிடைப்பதில்லை. இந்தக் காலத்துக் கேஸுக்கு மாற்றிவிடலாம் என்று எண்ணம்.

மெக்கானிக் காதர் பாய் குவைத்தில் இதே வேலை பார்த்தவர். பானட்டைத் திறந்து ஏசி குழாயை லேசாகத் தளர்த்தினார். குப்பென்று சமையலறை வாசம்.

"சார், போன தடவ யாரு கேஸ் போட்டது?"

"ரோட்டோரக் கடையில போட்டேன் பாய். கூலிங் நல்லாத்தான் வந்துச்சு."

"வரும் சார். ஆனா போட்டிருக்கிறது அடுப்பு கேஸு. முதல்ல வண்டிய விட்டு எட்ட வாங்க."

நாலடி தள்ளிப்போய் நின்றேன். மூன்று மாதமாகப் பிள்ளைகளை அதில்தான் பள்ளிக்கு அழைத்துப்போகிறேன்.

"வெளிய கசியுமா பாய்?"

"வெளிய இல்ல சார். டேஷ்போர்டுக்குள்ள இருக்கிற கூலிங் காயில்ல இப்பத்தான் லேசா ஓட்டை விழுந்திருக்கு. நீங்க உக்கார்ற இடத்துலதான் கசிஞ்சிருக்கு."

உடனே மனைவிக்கு போன் போட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் காருக்குள் ஊதுபத்தி ஏற்றுவது அவள்தான்.

"நேத்து வண்டியில பத்தி ஏத்துனியா?"

"அய்யோ, மறந்துட்டேங்க. ஏன், வண்டிக்கு என்னமும் ஆச்சா?"

 அங்கே கிடந்த பழைய டயர் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பாய் வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளிப்போய்க் கேஸை இறக்கினார். காயில், ஆயில், ரப்பர் வளையம் எல்லாம் மாற்றி, சாயங்காலம் புதுக் கேஸ் ஏற்றிக் கொடுத்தார்.

ஏசி இப்போது ஜில்லென்று இருக்கிறது. ஆனாலும் நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டுத்தான் வீடு வந்து சேர்ந்தேன். சிரிப்பவர்கள், உங்கள் வண்டியில் என்ன கேஸ் என்று விசாரித்துவிட்டு வந்து சிரிக்கவும்.