அமெரிக்காவிலிருந்து நிரம்பி வந்த டேப்

என் மகள் கணினியில் ஒரே ஒரு வரி தட்டுகிறாள். பெயர் பெயராகத் திரையில் ஏதோ ஓடுகிறது. "அப்பா, எல்லா பேக்கேஜும் அப்டேட் ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போய்விடுகிறாள். அவள் அந்த வரியைத் தட்டும்போதெல்லாம் நான் பால்கனிக்குப் போய் நின்றுகொள்கிறேன். காற்று வாங்கப் போவதாக அவள் நினைக்கிறாள். நினைத்துக்கொள்ளட்டும். எண்பதுகளின் கடைசியில், பம்பாய்ச் செம்பூரில் ஒரு சனிக்கிழமை காலையில், எனக்குள் இருந்த காற்றெல்லாம் போய்விட்டது. அதைத்தான் இன்னும் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. ஆலைகளுக்குக் குழாய் வடிவமைத்துத் தரும் ஓர் அலுவலகத்தில் கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ட்ராம்பே பக்கம் போகும் ராட்சதக் குழாய்கள் எந்தச் சூட்டில் எவ்வளவு வளையும் என்று எங்கள் பொறியாளர்கள் பார்த்துச் சொல்வார்கள். அதற்காக ஒரு யூனிக்ஸ் இயந்திரம் இருந்தது. இரண்டு ஃபிரிட்ஜை ஒட்டி வைத்த அளவு. அதற்கென்று தனி ஏசி, ஏசிக்கென்று தனி ஆள். தாராவியிலிருந்து வருபவர், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஏசி அண்ணன் என்போம். மனிதர்கள் வியர்த்துச் செத்தால் பரவாயில்லை, இயந்திரம் வியர்க்கக்கூடாது என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை. சனிக்கிழமை அரை நாள். ஒரு மணி அடித்ததும் இயந்திரத்தையும் ஏசியையும் அணைத்து, அறையைப் பூட்டி, சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும். பிறகு திங்கள்கிழமை காலைதான்.

எங்கள் பிரிவின் மூத்த பொறியாளர் ஒரு மேடம். மாதுங்காவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி இருந்தார். அதனால் நான் அலுவலகத்தில் தும்மினால் சாயங்காலம் அம்மா கஷாயத்தோடு நிற்பாள். மேடம் ஏழு வருஷமாக முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். இரண்டு குழந்தைகள், ஒரு மாமியார், தினமும் அலுவலகம், இவற்றுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த ஏழு வருஷம். பல்கலைக்கழகம் மூன்று முறை தவணை கொடுத்துவிட்டது. வருகிற திங்கள்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் ஆய்வுக் கட்டுரையைக் கட்டிய புத்தகமாகக் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. அப்படியென்றால் சனிக்கிழமை ஒரு மணிக்குள் தாளில் இறங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாதுங்கா பைண்டர் கட்டிக் கொடுப்பார்.

கட்டுரை முழுவதும் எங்கள் இயந்திரத்தில் இருந்தது. அதைப் பக்கம் பக்கமாக அழகாக அடுக்கித் தர ஒரு மென்பொருளும் இருந்தது. இன்று ஓப்பன் சோர்ஸ் என்று பெயர் வைத்திருக்கும் சாதி. எழுதியவர்கள் அதன் மூலநிரலையே ஊருக்குக் கொடுத்துவிட்டார்கள். யாரும் திருத்தலாம், யாருக்கும் கொடுக்கலாம். எங்களிடம் இருந்தது பழைய பதிப்பு. நீளமான அட்டவணையைக் கண்டால் அதற்குப் புத்தி கலங்கிவிடும். மேடத்தின் கட்டுரையில் அட்டவணைகள்தான் உயிர். அவற்றைப் போய் நடு வயிற்றில் வெட்டி, பாதியை அடுத்த பக்கத்தில் தள்ளியது.

புதிய பதிப்பில் இந்தக் கோளாறு இல்லை என்று அமெரிக்காவிலிருந்து என் நண்பன் எழுதியிருந்தான். எங்கள் அலுவலகத்திலேயே எனக்கு முன்னால் இதே நாற்காலியில் இருந்தவன். மேற்குக் கரையில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனவன், அங்கே ஒரு துறையின் கணினியையும் பார்த்துக்கொண்டிருந்தான். எங்களுடையதும் அவர்களுடையதும் ஒரே ரக இயந்திரம். அப்டேட் அன்று கம்பி வழியாக வராது. யாரோ ஒருவரின் மாப்பிள்ளை வழியாக வரும். இங்கிருந்து போன ஒரு மாப்பிள்ளையிடம் ஒரு காலி டேப்பும் ஒரு பாட்டில் வடுமாங்காயும் கொடுத்தனுப்பினோம். வெள்ளிக்கிழமை மாலை வேறொரு மாப்பிள்ளை டேப்பைத் திருப்பிக் கொண்டுவந்தார், இரண்டு பக்கக் கடிதத்தோடு.

முதல் பக்கத்தை மந்திரம் மாதிரி படித்தேன். டேப்பை மாட்டு, இந்த வரியைத் தட்டு, அவ்வளவுதான். இரண்டாம் பக்கத்தின் முதல் வரியில் குக்கர் வெடித்ததைப் பற்றி இருந்தது. அவனுடைய சமையல் புராணம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மடித்துப் பைக்குள் வைத்தேன்.

சனிக்கிழமை ஒன்பதரைக்கு மேடம் ஒரு டெர்மினலில் கடைசித் திருத்தங்கள் போட்டுக்கொண்டிருந்தார். நான் தலைமை டெர்மினலில் ரூட் என்ற பெயரில் நுழைந்தேன். யூனிக்ஸில் ரூட் என்றால் முதலாளி. எதைச் செய்தாலும் இயந்திரம் ஏன் என்று கேட்காது. டேப்பை மாட்டி, வரியைத் தட்டினேன். டேப் சுற்றியது. கோப்புப் பெயர்கள் திரையில் ஓடின. நான் அதைப் பார்க்கவில்லை. வெளிநாட்டு டேப் எப்படி வழுக்கிக்கொண்டு போகிறது என்று ஏசி அண்ணனுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

"இம்புட்டு நேரமா சுத்துதே சார்?" என்றார் அவர்.

"பெரிய சாமான் அண்ணே. நிதானமாத்தான் இறங்கும்."

இறங்கியது. மேடம் ஒரு அட்டவணையைச் சோதித்துப் பார்த்தார். உடையவில்லை. அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு சிரிப்பு வந்தது. "டேய், நீ நன்னா இருப்பே" என்றார். நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அந்தக் காலர் ஒரு நிமிஷம்கூட அங்கே நிற்கவில்லை.

"டேய், இங்க வா. என் தீசிஸ் யார் பேர்ல இருக்கு?"

போய்ப் பார்த்தேன். கோப்புகளின் பட்டியலில் ஒவ்வொன்றின் அருகிலும் அதன் சொந்தக்காரர் பெயர் வரும். மேடம் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக்காரன் பெயர். முதல் அத்தியாயம் அவனுடையது. இரண்டாம் அத்தியாயமும் அவனுடையது. நன்றியுரைகூட அவனுடையது.

"யார்டா இவன்?"

"தெரியலியே மேடம்."

"ஏழு வருஷம் நான் எழுதினேன். இவன் எப்ப எழுதினான்?"

என்ன நேரம் என்று இயந்திரத்தைக் கேட்டேன். வெள்ளிக்கிழமை இரவு என்றது. ஜன்னலுக்கு வெளியே செம்பூர் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நானா, இயந்திரமா, யாருக்குப் பைத்தியம்?

அடுத்து நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. திருட்டு நடந்த வீட்டிலிருந்து ஓடுகிறவன் மாதிரி, தலைமை டெர்மினலுக்கு ஓடி, ரூட்டிலிருந்து வெளியேறினேன். ஏன்? தெரியாது. வெளியே போய்விட்டுத் திரும்ப உள்ளே வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. திரும்ப உள்ளே போக முயன்றேன். கடவுச்சொல் தவறு. மறுபடி. தவறு. என் சொந்தப் பெயரில் போனேன். அப்படி ஒரு ஆளே இல்லை என்றது. இரண்டு வருஷமாக நான் துடைத்துத் துடைத்து வைத்த இயந்திரம்.

பைக்குள்ளிருந்து இரண்டாம் பக்கத்தை எடுத்தேன். இழுத்த வேகத்தில் மூலை கிழிந்தது. குக்கர் வெடித்த கதை, அதற்கடுத்த பத்தி: "டேப்பில் பாதி இடம் மிச்சம் இருந்தது. காலியாக அனுப்ப மனசு வரவில்லை. எங்கள் மெஷினின் அமைப்புக் கோப்புகள் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டிருக்கிறேன், சும்மா வேடிக்கை பார்க்க. ஜாக்கிரதை, அதைத் தனியாக எடு. மொத்தமாக இறக்கினால் உங்களுடையதன் மேல் போய் உட்கார்ந்துவிடும்."

எங்கள் மாதுங்காவில் பக்கத்து வீட்டு டப்பாவை யாரும் காலியாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. வேறொன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பார்கள். பட்டம் படிக்கப் போன இடத்திலும் பயல் அதை மறக்கவில்லை. வடுமாங்காய்க்குப் பதிலாக ஒரு பல்கலைக்கழகத்தையே போட்டு அனுப்பிவிட்டான். யார் யார் நுழையலாம் என்ற பட்டியல், கடவுச்சொற்கள், ஊர் நேரம் எல்லாம் அவர்களுடையது. யூனிக்ஸுக்கு ஆள் என்றால் ஒரு எண்தான்; மேடத்தின் எண் அந்தப் பட்டியலில் அந்த வெள்ளைக்காரனுடையது. ஒருவர் கொடுத்த பொட்டலத்தில் பாதியை வைத்துவிட்டு வர எங்கள் வீட்டில் எனக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டேன்.

மேடம் முழுவதையும் கேட்டார். நிதானமாகத்தான் பேசினார். அதுதான் பயமாக இருந்தது.

"பேர் எப்படியோ போகட்டும். நான் இன்னும் உள்ளேதானே இருக்கேன்? பிரிண்ட் எடுத்துண்டு போறேன்."

அச்சிடச் சொன்னார். லேசர் பிரிண்டர் அசையவில்லை. விசாரித்ததில், அவர்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் உள்ள பிரிண்டருக்காகக் காத்திருப்பதாக இயந்திரம் பணிவோடு சொன்னது. பிரிண்டர் பட்டியலும் அவர்களுடையதுதான்.

மணி பதினொன்றரை.

"சார், அணைச்சு அணைச்சுப் போட்டுப் பாப்பமா? ஏசி மக்கர் பண்ணுனா நான் அப்படித்தான் செய்வேன்" என்றார் ஏசி அண்ணன்.

"சுவிட்சுல கைய வெச்சேள், அப்புறம் நான் மனுஷியா இருக்கமாட்டேன்" என்றார் மேடம்.

அவர் சொன்னது சரி. அணைத்தால் மேடமும் வெளியே போய்விடுவார். பிறகு மூவரும் வெளியே நிற்க வேண்டியதுதான். அணைத்துவிட்டுக் கடவுச்சொல் இல்லாமல் எழுப்பவும் ஒரு வழி உண்டு. அது கையேட்டில் இருந்தது. கையேடு மேலாளர் வீட்டில். மேலாளர் அன்று விடுப்பு; வாஷியில் புது ஃபிளாட்டுக்குக் குடிபோயிருந்தார். அங்கே இன்னும் ரயிலும் வரவில்லை, அவருக்கு ஃபோனும் வரவில்லை. பழைய பிரதிகள் இருந்த டேப் அலமாரியின் சாவியும் அவரோடு வாஷியில்தான் குடியிருந்தது.

"மேடம், நீங்க மட்டும் நாற்காலிய விட்டு எழுந்திரிக்காதீங்க" என்று கும்பிட்டேன். அவர் எழுந்தாலும் இயந்திரத்துக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. ஆனாலும் சொன்னேன். அவரும் அசையாமல் உட்கார்ந்தார்.

இனி ஒரே வழி, நண்பன் அங்கே ரூட்டுக்கு வைத்திருக்கும் கடவுச்சொல். அவனுக்கு டிரங்க் கால் போட்டால் கிடைப்பதற்குள் மேடத்தின் மகன் முனைவர் ஆகிவிடுவான். எனவே யூகித்தோம். அவன் தங்கையின் பெயரை அடித்தேன். இல்லை. அவன் அம்மாவின் பெயர். இல்லை.

"முருகான்னு போடுங்க சார்" என்றார் ஏசி அண்ணன். போட்டேன். முருகனும் கைவிட்டார்.

"காலேஜ்ல ஒருத்தி பின்னாடி சுத்தினானே" என்றார் மேடம்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மாதுங்காவுல எனக்குத் தெரியாதது ஒண்ணு சொல்லு. அடி."

அவளும் இல்லை. மணி பன்னிரண்டு அடித்தது. மேடம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நாலாவது தவணை கிடையாதுன்னு எழுத்துல கொடுத்துட்டா" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று மேடம் பிற்பாடு ஊரெல்லாம் சொன்னார். ஏசி காற்று கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

ஏசி அண்ணன் என்னைப் பார்த்தார். "ஒரு சாயா வாங்கியாரட்டுமா சார்?" என்று கேட்டவர் கதவருகே நின்றுவிட்டார்.

"சார், ஒண்ணு சொல்லுதேன், சிரிக்கக்கூடாது. உங்க சிநேகிதரு இங்க இருக்கையில மெஷின் முன்னால உக்காந்ததும் முதல்ல என்னமோ தட்டுவாருல்லா? தட்டும்போது வாய் முணுமுணுக்கும்."

"என்னன்னு?"

"கடக் சாய்னு. ஸ்ட்ராங் டீக்கு இங்க அப்படித்தானே சொல்லுதாங்க. நான் என்கிட்டத்தான் சொல்லுதாருன்னு போய் ஒரு கிளாஸ் வாங்கிட்டு வந்துருவேன். 'எப்படிண்ணே கேக்காமலே கொண்டு வாறிய'ன்னு ஆச்சரியப்படுவாரு. ரெண்டு வருசமா தினமும் வாங்கிக் குடுத்திருக்கேன்."

மேடமும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். அமெரிக்காவுக்குப் போனவன், ஒரு பல்கலைக்கழகத்தின் முதலாளி கடவுச்சொல்லாக, செம்பூர் டீக்கடையை வைத்திருப்பானா? வெட்கமாக இருந்தது. தட்டினேன்.

கதவு திறந்தது.

நான் கத்திய கத்தலில் வாட்ச்மேன் ஓடிவந்து "க்யா ஹுவா, ஆக் லகீ க்யா?" என்றான். தீ இல்லை என்று கையாட்டிவிட்டுப் பிரிண்டரிடம் ஓடினேன். பிரிண்டருக்கு மேலே சுவரில், எங்கள் பிரிண்டரின் அமைப்பு வரிகளை நண்பன்தான் என்றைக்கோ ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டுப் போயிருந்தான். மேடம் ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க, நான் ஒற்றை விரலால் தட்டினேன். பன்னிரண்டே காலுக்கு முதல் தாள் சூடாக வெளியே வந்தது. ஒவ்வொரு தாளையும் மேடம் பிரசவ வார்டில் நர்ஸ் மாதிரி இரண்டு கையால் வாங்கினார். ஒரு மணிக்கு இன்னும் பதினோரு பக்கம் பாக்கி. வாட்ச்மேன் சாவிக்குக் கை நீட்டினான். ஏசி அண்ணன் தன் கைக்கடிகாரத்தைக் காட்டி, "நமக்கு இன்னும் மணி ஆகல பையா" என்றார். அந்தக் கடிகாரம் ஓடி நான் பார்த்ததே இல்லை.

மற்ற எல்லாவற்றையும் திங்கள்கிழமை மேலாளர் வந்ததும் பழைய டேப்பிலிருந்து சரிசெய்தேன். அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. அன்று பன்னிரண்டேகாலுக்கு அலுவலக ஃபோன் ஒலித்தது. பல்கலைக்கழகத்திலிருந்து மேடம்.

"வாங்கிண்டுட்டாடா."

நாற்காலியில் சாய்ந்தேன்.

"ஆனா முதல் பக்கத்துல தேதி பாத்தியா?"

நிமிர்ந்தேன். முதல் பக்கத்துக்குத் தேதியை மென்பொருளே இயந்திரத்திடம் கேட்டுப் போட்டுக்கொள்ளும். பிரிண்டரைத் திருத்திய நான் ஊர் நேரத்தைத் திருத்தவில்லை. கட்டுரையில் வெள்ளிக்கிழமைத் தேதி விழுந்திருந்தது.

"மேடம், ரிஜெக்ட் பண்ணிட்டாங்களா?"

ஃபோனில் விட்டுவிட்டு ஏதோ சத்தம் கேட்டது. பிறகுதான் அவர் சிரித்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

"ஏழு வருஷத்துல இன்னிக்குத்தாண்டா நான் ஒரு வேலைய ஒரு நாள் முன்னாடி முடிச்சிருக்கேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏசி அண்ணனைக் கூப்பிட்டு ஒரு கடக் சாய் கேட்டேன். இந்தத் தடவை வாய்விட்டு.