நாற்காலியக்கா

"எழுந்திரு, எழுந்திரு. அது நடந்தது இல்ல, நீ நினைச்சது. நினைச்சதுக்கு வேற நாற்காலி."

சொல்லிக்கொண்டே அக்கா இரும்பு நாற்காலியின் முதுகைத் தட்டுகிறார். அதில் உட்கார்ந்திருக்கும் பதினாறு வயதுக்காரன் உதட்டைச் சுழிக்கிறான்.

"நான் பொய் சொல்லலக்கா. அவன் வேணும்னேதான் என்னைக் கழட்டி விட்டுட்டான்."

"கேமரா ஒண்ணு மேல மாட்டியிருந்தா என்ன தெரிஞ்சிருக்கும்?"

"போன் அடிச்சேன். அவன் எடுக்கல."

"அது இந்த நாற்காலி. 'வேணும்னே'ங்கறது அந்த நாற்காலி. ஓடு."

கீழே டயர் கடை. காற்றடிக்கும் இயந்திரம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பெருமூச்சு விடும். மாடி அறையின் தரை லேசாக அதிரும். அந்த அறையில் மேசை கிடையாது. மேசை இருந்தால் ஒரு பக்கம் விசாரிப்பவர், மறுபக்கம் குற்றவாளி என்று ஆகிவிடும் என்பது அவர் கட்சி. இருப்பவை நான்கு நாற்காலிகள். நிமிர்ந்த முதுகுள்ள இரும்பு நாற்காலி, நடந்ததைச் சொல்ல. சுழலும் நாற்காலி, நினைத்ததைச் சொல்ல; மனசும் அப்படித்தான் சுற்றும் என்பார். நடுவில் குழி விழுந்த பழைய சோபா, உடம்பு என்ன செய்தது என்று சொல்ல. கடைசியாக ஒரு முக்காலி, என்ன செய்தாய் என்று சொல்ல. அதற்கு மட்டும் ஏன் முதுகு இல்லை என்று கேட்டால், "செஞ்சதுக்குச் சாஞ்சுக்க இடம் கிடையாதுப்பா" என்பார்.

பள்ளியும் நீதிமன்றமும் காவல் நிலையமும் அலுத்துப்போய் அனுப்பும் பிள்ளைகள்தான் அவரிடம் மனநல ஆலோசனைக்கு வருகிறார்கள். அடித்தவர்கள், உடைத்தவர்கள், வீட்டை விட்டு ஓடியவர்கள், தன் கையைத் தானே கீறிக்கொண்டவர்கள். எண்ணத்துக்கும் உணர்ச்சிக்கும் செயலுக்கும் உள்ள முடிச்சை எப்படி அவிழ்ப்பது என்று தடித் தடிப் புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றையெல்லாம் அவர் படித்தவர்தான். ஆனால் இந்த வயதுப் பிள்ளைகளிடம் தாளும் பேனாவும் நீட்டினால் பரீட்சை என்று நினைத்து வாயை மூடிக்கொள்கிறார்கள். நாற்காலி விட்டு நாற்காலி மாறச் சொன்னால் சிரித்துக்கொண்டாவது மாறுகிறார்கள். அவர்கள் வைத்த பெயர்தான் நாற்காலியக்கா. ஐம்பத்து மூன்று வயதில் இன்னும் எத்தனை காலத்துக்கு அக்கா என்று கேட்பார். 'ஆன்ட்டி' என்று யாராவது கூப்பிட்டால் முறைப்பார்.

வீட்டிலும் இந்த வியாதி உண்டு. கணவர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர். சாப்பாட்டு நேரத்தில், "உங்களுக்கு என் சமையல் பிடிக்கல, அதான் பேசாம இருக்கீங்க" என்று அக்கா ஆரம்பித்தால், அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "சுத்துற நாற்காலி" என்பார். அக்காவுக்குக் கோபம் வரும்.

அவருக்குப் பிடிக்காத சொற்கள் சில. தலையெழுத்து. ராசி. பிறவிக் குணம். "இவனுக்கு இப்ப நேரம் சரியில்ல மேடம்" என்று ஒரு தகப்பனார் மகனை முன்னே தள்ளிக்கொண்டு வந்தபோது, அக்கா சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "சரியாத்தான் ஓடுது. வேற என்ன பிரச்சனை, சொல்லுங்க" என்றார்.

போன பருவத்தில் அவரிடம் வந்தவள் வெடி. பள்ளியில் வைத்த பட்டப்பெயர். அவளும் அதையே சொல்லிக்கொண்டாள். பதினைந்து வயது. ஆசிரியர் அறையின் கண்ணாடிக் கதவின் மேல் நாற்காலியைத் தூக்கி எறிந்தவள். கண்ணாடி சிதறியது, நல்ல வேளையாக யார் மேலும் படவில்லை. இவளை இனி வைத்துக்கொள்ள முடியாது என்று பள்ளி எழுதிவிட்டது. சிறார் நலக் குழு கூடி முடிவு செய்ய வேண்டும்: பள்ளியிலும் வீட்டிலும் தொடர்வதா, வேறு ஊரில் மதில் சுவருக்குள் இருக்கும் காப்பகத்துக்குப் பதினெட்டு வயது வரை அனுப்புவதா. அதுவரை அவள் வழக்கம்போலப் பள்ளிக்குப் போகலாம். அப்பா சிறையில் இருந்தார், திருட்டு வழக்கு. அம்மா ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் இரவு வேலை பார்ப்பவர். அந்த அம்மாவுக்கு மிச்சம் இருந்த ஒரே ஆள் இந்தப் பெண்தான்.

அவள் வருகிறாள் என்றதும் அலுவலக உதவியாளர் கவலைப்பட்டார். "நாற்காலி எறிஞ்சவளுக்கு நாலு நாற்காலியா மேடம்? நான் வேணா ரெண்டை எடுத்து வச்சிரட்டுமா?"

முதல் நாள் வெடி இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "ஸ்கூல் கேட்டுல என் பையை மட்டும்தான் கொட்டிப் பாப்பாங்க."

"'மட்டும்'னு எப்படிச் சொல்ற? ஆயிரம் பேரு படிக்கிற பள்ளிக்கூடம். எல்லார் பையையும் நீ நின்னு பாத்தியா?"

"தெரியும்க்கா."

"தெரியுங்கறது வேற, தோணுதுங்கறது வேற. அந்த 'மட்டும்'ஐத் தூக்கிட்டு அந்த நாற்காலிக்குப் போ."

போனாள். அதற்குப் பிறகு வந்த வாரங்களில் அந்த 'மட்டும்' என்ற சொல்லைத்தான் இருவரும் துவைத்துக் காயப்போட்டார்கள். எல்லோரும் நம்மையே பார்க்கிறார்கள் என்று தோன்றுவது இந்த வயதின் இயல்பு, அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அக்கா விளக்கினார். வெடி கெட்டிக்காரி, சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். "எல்லார் பையையும் பாப்பாங்க போல. எனக்குத்தான் அப்படித் தோணுது" என்று ஒருநாள் தானே சொன்னாள். பாடம் முடிந்தது என்று அக்காவுக்குச் சந்தோஷம்.

ஆனால் சோபாவில் உட்காரவைத்து உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால், "ஒண்ணும் தெரியல" என்றாள். முதல் நாள் அதே சோபாவில் காது கொதிக்குது, தாடை இறுகுது என்று அடுக்கியவள். கோபம் போய்விட்டது, கூடவே அந்தப் பெண்ணும் போய்விட்டாள் போலிருந்தது. இது அக்காவை உறுத்தியது. குழு கூடுவதற்கு முந்தைய வாரம், காலையில் பள்ளிக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடை வாசலில் போய் நின்றுகொண்டார்.

பிள்ளைகள் வெள்ளமாக உள்ளே போனார்கள். வாயிற்காவலர் கொட்டாவி விட்டுக்கொண்டு யாரையும் பார்க்காமல் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் துணைத் தலைமையாசிரியர் செல்பேசியைத் தடவிக்கொண்டு நின்றார். வெடி வந்தாள். அவர் செல்பேசியைச் சட்டைப் பையில் போட்டார். அவர் கேட்பதற்கு முன்பே அவள் பையைக் கழற்றி நீட்டினாள். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினார். புத்தகங்கள், சாப்பாட்டு டப்பா, சீப்பு, ஒரு நாப்கின் பாக்கெட். எல்லாம் சிமெண்டுத் தரையில். பின்னால் நின்ற பையன்கள் சிரித்தார்கள். அவள் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அவளுக்கு முன்னால் போனவர்களில் ஒருவர் பையும் திறக்கப்படவில்லை, பின்னால் வந்தவர்களில் ஒருவர் பையும் திறக்கப்படவில்லை.

அக்கா சாலையைக் கடந்தார். "ஏன் சார், அந்தப் பொண்ணு பையை மட்டும்?"

"அவ அப்பன் எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியாததா மேடம்? ரத்தத்துல ஊறினது. நாங்க கொஞ்சம் உஷாரா இருக்கணும்ல?"

இரத்தத்தில் இரும்பு இருக்கிறது, உப்பு இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது. திருட்டு இருப்பதாக எந்த நுண்ணோக்கியும் இதுவரை காட்டவில்லை. ஆனாலும் அறிவியல் பாடம் நடத்தும் கட்டடத்தின் வாசலிலேயே அந்தப் புராணம் தினமும் காலையில் அரங்கேறியது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாசலில் நடப்பது ஓர் அநியாயம் என்றால், அதைப் பிள்ளையின் மனக்கோளாறு என்று பெயர் மாற்றி, அடிபட்டவளையே மருந்து குடிக்கச் சொல்வது இரண்டாவது அநியாயம். நல்ல எண்ணத்தோடும் நிறையப் படிப்போடும் செய்யப்படுவதால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்த இரண்டாவதைச் செய்தவர் தாம்தான் என்பது, சாலையைத் திரும்பக் கடக்கும்போது அக்காவுக்குப் புரிந்தது. இரும்பு நாற்காலியில் உட்கார வேண்டிய ஒரு சொல்லை அவர் சுழல் நாற்காலிக்கு விரட்டியிருந்தார்.

அன்று சாயங்காலம் வெடி வந்ததும், "இன்னிக்கு நீ கேளு, நான் உக்கார்றேன்" என்றார்.

வெடி சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு இரும்பு நாற்காலியைக் காட்டினாள். "கேமரா என்ன பாத்துச்சு?"

"உன் பையை மட்டும் கொட்டினாங்க."

கீழே டயர் கடை இயந்திரம் பெருமூச்சு விட்டு ஓய்ந்தது. "அடுத்தது" என்றாள்.

அக்கா சுழல் நாற்காலிக்குப் போனார். "நீ மிகைப்படுத்துறேன்னு நினைச்சேன். பெரிய பள்ளிக்கூடம், படிச்சவங்க, அப்படிச் செய்ய மாட்டாங்கன்னு நினைச்சேன்."

"உடம்பு?"

"காது கொதிக்குது."

"எனக்குத் தினமும் அப்படித்தான்க்கா." முக்காலியைக் காலால் அக்கா பக்கம் தள்ளினாள். "என்ன செஞ்சீங்க?"

"உன்னை நம்பாம இருந்தேன். உன்னையே நீ நம்பாத அளவுக்குப் பேசினேன். தப்பு என்னோடது. மன்னிச்சுக்கோ."

வெடி சுவரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "விடுங்க. நீங்களாவது நாற்காலியை எறியல" என்றாள்.

இருவரும் சிரித்த சிரிப்பில் உதவியாளர் பதறிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. அநியாயம் நிஜம். அதைச் சொன்னால் நாலு பேர் கேட்க வேண்டும். நாற்காலி பறந்தால் எல்லோரும் நாற்காலியைத்தான் பார்ப்பார்கள், பையை யாரும் பார்க்க மாட்டார்கள். எனவே ஒத்திகை. உதவியாளரைத் துணைத் தலைமையாசிரியராக நிற்கவைத்து, குத்தலாகப் பேசச் சொன்னார் அக்கா. காது கொதிக்க ஆரம்பித்தால் எழுந்து வெளியே போகலாம், முகம் கழுவலாம், திரும்பி வந்து பேச வேண்டும். வெடி முதல் பாதியை அழகாகச் செய்தாள். எழுந்தாள், போனாள். திரும்பி மட்டும் வரவில்லை. ஒவ்வொரு முறையும் நேரே வீட்டுக்குப் போய்விட்டாள். "போன பிறகு திரும்பி வர்றதுக்குக் கால் வரமாட்டேங்குதுக்கா" என்றாள் மறுநாள். உதவியாளருக்குத்தான் வருத்தம். "நான் ரொம்ப நல்லா நடிச்சிட்டேனோ மேடம்?"

குழு கூடிய நாளன்று அம்மா இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தார், சீருடையைக்கூட மாற்றாமல். நோட்டீஸ் வந்த நாளிலிருந்து பகலிலும் அவர் கண்மூடவில்லை. "அவளை அனுப்பிட்டா நான் யாருக்கு மேடம் கதவைத் தொறக்கணும்?" என்று வராந்தாவில் கேட்டார். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லும் பழக்கம் அக்காவுக்கு இல்லை.

உள்ளே குழுத் தலைவி ஜலதோஷத்தோடு உட்கார்ந்திருந்தார். துணைத் தலைமையாசிரியர் எடுத்த எடுப்பிலேயே, "அப்பா எப்படியோ பொண்ணு அப்படி. நாங்க என்ன மேடம் பண்ண முடியும்?" என்றார்.

வெடியின் நாற்காலி பின்னால் கிறீச்சிட்டது. துணைத் தலைமையாசிரியர் தன் நாற்காலியோடு இரண்டடி நகர்ந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்தாள். போய்விட்டாள்.

"பாத்தீங்களா? ஓடிட்டா" என்றார் அவர்.

அக்காவின் மனசுக்குள்ளும் அதே சொல்தான். ஓடிட்டா. காது கொதித்தது. எழுந்து நின்றார். "அவ வெளியே போயிருக்கா. இதுவரைக்கும் நடந்தது அவ்வளவுதான். கொஞ்சம் பொறுங்க மேடம்."

பொறுத்தார்கள். தலைவி மூக்கைத் துடைத்துக்கொண்டார். அம்மா சீருடையின் பொத்தானைத் திருகிக்கொண்டே கதவையே பார்த்தார். தலைவி பேனாவின் மூடியைக் கழற்றினார்.

கதவு திறந்தது. முகமெல்லாம் தண்ணீர், சட்டையின் கழுத்து நனைந்திருந்தது. வெடி உட்காரவில்லை.

"நாற்காலியை எறிஞ்சது நான்தான். கண்ணாடிக்குப் பின்னாடி டீச்சருங்க இருந்தாங்க, யாருக்காவது பட்டிருக்கும். அது தப்பு. அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்குறேன். ஆனா தினமும் என் பையை மட்டும் தரையில கொட்டுறாங்க. ஒரு நாள்கூட அதுல எதுவும் கிடைச்சதில்ல. பாத்தா எல்லார் பையையும் பாக்கட்டும். இல்லேன்னா யார் பையையும் பாக்க வேணாம்."

தலைவி துணைத் தலைமையாசிரியர் பக்கம் திரும்பினார். "மத்த பிள்ளைங்க பையைப் பாப்பீங்களா சார்?"

"தேவைப்பட்டா..."

"தேவைப்பட்டிருக்கா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜெராக்ஸ் கடை வாசலிலிருந்து பார்த்ததை அக்கா ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொன்னார்.

வெடி அதே பள்ளியில் தொடரலாம், வீட்டிலேயே இருக்கலாம் என்று முடிவானது. வாரம் ஒருமுறை அக்காவைப் பார்க்க வேண்டும். பள்ளி வாசலில் பையைக் கொட்டும் வழக்கம் அன்றோடு நிற்க வேண்டும். துணைத் தலைமையாசிரியரை மன்னிப்புக் கேட்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அக்கா மட்டும் வாசற்படியில் நின்று, "சார், உங்க பாக்கி ஒண்ணு இருக்கு" என்றார். அவர் காது கேட்காதவர்போல ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

பேருந்து நிறுத்தத்து பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள். "மேடம், நாளைக்குக் காலையில நான் வீட்டுக்குப் போனா இவ..." என்று ஆரம்பித்த அம்மா வாக்கியத்தை முடிக்கவில்லை. தலை அக்காவின் தோளில் சாய்ந்தது. அடுத்த மூச்சிலேயே மெல்லிய குறட்டை.

அக்காவின் பேருந்து வந்து நின்றது. கதவு திறந்தது. ஓட்டுநர் குனிந்து பார்த்தார்.

"அம்மா, எந்திரிம்மா. அக்காவோட பஸ்ஸு" என்று வெடி கிசுகிசுத்தாள்.

அக்கா ஒரு விரலைத் தன் உதட்டில் வைத்து அவளை அடக்கினார். தோளை அசைக்காமல், மறுகையை மட்டும் உயர்த்தி, ஓட்டுநரிடம் போகச் சொல்லிச் சைகை காட்டினார்.