ஜான்சியின் டிரம்

மரக்காணத்தில் உப்பளம் முடிகிற இடத்தில் அந்தோணிராஜின் கொட்டகை இருக்கிறது. கிழிந்த சாக்கு, தார்ப்பாய் என்று பிளாஸ்டிக் குப்பையை இரும்பு டிரம்மில் அடைத்து மூடி, கீழே சவுக்கு விறகை எரித்தால் அது உருகி, ஆவியாகி, குழாய் வழியே எண்ணெயாகச் சொட்டும். அங்கே வேலை செய்யும் ராசம்மாளுக்கு ஒரு டிரம், புதிதாகச் சேர்ந்த ஜான்சிக்கு ஒரு டிரம். அங்கேதான் வந்தது வினை.

ஜான்சியின் டிரம் காலையிலேயே சொட்டிவிடும். ராசம்மாளுடையது உச்சிவெயில் வரை விறகைத் தின்றுகொண்டு சும்மா கிடக்கும்.

"வர்ற எண்ணெய்க்கு எரிக்கிற விறகு கட்டுப்படியாகலை. ஒரு அடுப்பை நிறுத்தப் போறேன்" என்றார் அந்தோணிராஜ். எந்த அடுப்பு என்று வேறு சொல்ல வேண்டுமா! அன்றிலிருந்து ராசம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. உப்பளத்து வெயிலில் வெந்தவளுக்கு நிழலில் கிடைத்த வேலை இது. நேற்று வந்த ஒருத்தியால் போகிறதே என்று வயிறு எரிந்தது.

"அவளுக்கு மட்டும் நல்ல டிரம்மா குடுத்துட்டீங்க!"

மாற்றிக்கொள்ளச் சொன்னார். மாற்றினார்கள். அப்போதும் ஜான்சியுடையதே முதலில் சொட்டியது. ராசம்மாள் விறகையும் மாற்றிப் பார்த்தாள். ம்ஹூம். "என்னமோ மாயம் வெச்சிருக்கா சிறுக்கி" என்று ஊரெல்லாம் சொல்லித் தீர்த்தாள்.

ஒருநாள் ஜான்சியே கிட்டே வந்தாள். "யக்கா, சாக்கையெல்லாம் எதுல அலசற?"

"வாய்க்கால்லதான். உன்னைப் போல அழுக்கோடவா போடுவேன்?"

உப்பளத்துப் பெண்களுக்குக் கைகால் கழுவுவதும் வாய்க்காலின் உப்புத்தண்ணீரில்தான். அந்தப் பழக்கம் விடுமா?

"அது உப்பு ஏறின சாக்குக்கா. பகல்ல காய்ஞ்சாலும் ராத்திரி நமுத்துடுது. உன் விறகுச் சூடெல்லாம் அந்த ஈரத்தை விரட்டவே சரியா போவுது. அப்புறம் எப்போ பிளாஸ்டிக் உருகறது? அலசாத, மண்ணை உதறிட்டுப் போடு."

உப்பு நமுக்கும் என்பது ராசம்மாளுக்குத் தெரியாதா? கருமம், சாக்கை மட்டும் யோசிக்கவில்லை.

அடுத்த முறை உதறிப் போட்டாள். இரண்டு டிரம்மும் காலையிலேயே சொட்டின. விறகு பாதி அப்படியே மிஞ்சியது. அந்தோணிராஜ் எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஓடட்டும்மா" என்று போய்விட்டார்.

வேலை தங்கியது. ஜான்சி இவளைப் பார்த்துச் சிரித்தாள். ராசம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு விறகைத் தள்ளினாள். சொல்லாமல் இருந்திருந்தால் நிற்பது ராசம்மாளின் அடுப்புதான், ஜான்சியின் வேலை நிச்சயம்; இருந்தும் சொன்னாள். அவள் இடத்தில் இவள் இருந்தால் சொல்லியிருப்பாளா? மாட்டாள்.

அந்த மனசும் அவளுக்கேதான் வாய்க்கணுமா, பாவி!