திரும்ப அழைக்கும் வரை

பேச்சாளர் மேசையின் மேல் ஒரு கைபேசி கிடந்தது. அரங்கம் நிறைய ஆட்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் கணினிப் பாதுகாப்பைத் தொழிலாகக் கொண்டவர்கள். கைபேசி ஒலிக்கவில்லை. மேசைக்குப் பின்னால் மைனி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். செய்தியாளனாகப் பல மேடைகளைப் பார்த்தவன் நான். பேச வந்தவர் ஒரு சொல்லும் பேசாமல் நிற்க, கூட்டம் அவருக்காக மூச்சை அடக்கியிருந்ததை அந்த ஒரு மேடையில்தான் கண்டேன்.

மைனி என்பது எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை அழைக்கும் சொல். இவர் என் பெரியப்பா மகனின் மனைவி. மார்த்தாண்டத்துக்காரர். அண்ணன் வளைகுடாவில் இருந்தான். மைனி நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிப் பிரிவைப் பொறுப்பாகப் பார்த்துவந்தார். நான் சொல்வது இரண்டாயிரத்துப் பத்துகளின் பின்பாதி. கணினியில் நுழைந்து கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் கும்பல்களைப் பற்றி எங்கள் பத்திரிகையும் அடிக்கடி எழுதத் தொடங்கியிருந்த காலம். கன்னியாகுமரியில் கடலைப் பார்த்த ஓட்டல் ஒன்றில் அந்தத் துறையினர் மாநாடு நடத்தினார்கள். ஏற்பாட்டாளர்கள் வெளியூர்க்காரர்கள். மண்டைக்காடு அம்மன் கோவில் கொடைத் திருவிழா நாளில் மாவட்டத்துக்கே விடுமுறை என்பதை அறியாமல் அதே தேதியைக் குறித்துவிட்டார்கள். அதனால் மைனியின் பிரிவில் அன்று வேலையில் இருந்தது ஒரே ஒரு பெண்தான். கடற்கரை ஊர்க்காரி, வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. பத்து வரி போதும் என்று சொல்லி ஆசிரியர் என்னை அனுப்பியிருந்தார்.

மைனிக்கு முன் பேசியவர்கள் உலக வரைபடத்தில் சிவப்பு அம்புகள் பாய்வதைக் காட்டினார்கள். மைனியிடம் அம்புகள் இல்லை. தன் மருத்துவமனையில் முந்தைய வருடம் நடந்த ஒன்றைச் சொன்னார். தொலைபேசியில் ஒரு ஆண் குரல் வந்திருக்கிறது. பில் போடும் மென்பொருள் நிறுவனத்தில் வேலை, பாஸ்வேர்டு வேண்டும் என்று கேட்டிருக்கிறது. வரவேற்பறையில் இருந்தவர் ஏமாளி இல்லை, நன்றாகவே விசாரித்திருக்கிறார்.

"எங்க ஊர்ல பாஸ்வேர்டு கேட்டா யாரும் தரமாட்டாங்க," என்றார் மைனி. "எந்த ஊரு, யாருக்க மகன், எந்தச் சர்ச்சுப் பங்குன்னு கேப்பாங்க. அவன் ஊரைச் சொன்னான், பங்கைச் சொன்னான், 'சர்ச்சுக்குப் பொறத்தால மூணாவது வீடு, எங்க அப்பாவ எல்லாருக்கும் தெரியும்'னான். அதுக்குப் பொறவு பாஸ்வேர்டு என்ன, சாப்பிட்டுட்டுப் போ மக்கான்னு சொல்லியிருப்பாங்க."

அரங்கம் சிரித்தது. மைனி சிரிக்கவில்லை. நோயாளிகளின் விவரங்கள் அந்தக் குரலோடு போய்விட்டன என்றார். குடும்பத்தை வைத்து ஆளை அறிவது எங்கள் மக்களின் பழக்கம், அதை ஒரு சுற்றறிக்கையால் மாற்ற முடியாது. எனவே அவர் ஒரே ஒரு விதி வைத்தார். தொலைபேசியில் யார் எதைச் செய்யச் சொன்னாலும், அது எவ்வளவு தெரிந்த குரலாக இருந்தாலும், உடனே வைத்துவிட வேண்டும். இன்னொரு ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தெரிந்த எண்ணுக்குத் திரும்ப அழைக்க வேண்டும். அந்த இன்னொரு ஆள் யார் என்பதை மைனி சொல்லவில்லை.

அப்போதுதான் அவர் கைபேசி ஒலித்தது. மருத்துவமனை ஆய்வகத்தில் இருந்து அழைப்பு. கேட்டுக்கொண்டே அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். ஆய்வகக் கணினிகளில் கோப்புகள் திறக்கவில்லை, திரையில் பணம் கேட்டு ஆங்கிலத்தில் ஏதோ வந்திருக்கிறது. அங்குள்ள இணைப்பு வயர்களை எல்லாம் பிடுங்கச் சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தார். "மன்னிக்கணும், எங்க ஆஸ்பத்திரியில இப்போ நடந்துட்டிருக்கு," என்று அரங்கத்துக்குச் சொன்னார். அடுத்து அந்தத் தொற்று போகக்கூடிய இடம் சர்வர். நோயாளிகளின் பழைய விவரங்கள், ஸ்கேன் படங்கள், மறுநாள் அறுவை சிகிச்சைக்கும் டயாலிசிஸுக்கும் வேண்டிய குறிப்புகள் எல்லாம் அதில்தான் இருந்தன. கடற்கரையிலிருந்து அங்கே போக, கொடைக் கூட்டத்தில் எவ்வளவு நேரம் ஆகுமோ தெரியாது. அன்று அங்கே இருந்தவர்களில் சர்வர் அறைக்குள் போக அனுமதி உள்ளவள் அந்த ஒரு பெண்தான்.

அந்த அறையின் தரைவழித் தொலைபேசிக்கு மைனி அழைத்தார். அரங்கத்துச் சலசலப்பில் காது கேட்காததால் ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டார். பக்கத்தில் இருந்த மைக் அதை எல்லோருக்கும் கேட்கச் செய்தது.

"ஏட்டி, நான்தான். சர்வருக்குப் போற மெயின் வயரு ரெண்டையும் உடனே புடுங்கு."

மறுபக்கம் ஒரு மெல்லிய குரல்.

"யாரு பேசுறது?"

"நான்தான் பிள்ளே. மேடம்."

"மேடத்துக்க சத்தம் மாதிரிதான் இருக்கு. ஆனா எதிரொலிக்குது. நான் வைக்கேன்."

வைத்துவிட்டாள்.

இந்த இடத்தைப் பல தடவை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அரங்கத்தில் முதலில் ஒரு சிரிப்பு எழுந்து பாதியில் நின்றது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். முன்வரிசையில் இருந்த சென்னை நிபுணர் எழுந்தே விட்டார். "மறுபடியும் கூப்பிடுங்க மேடம். நீங்கதான் ஹெட். ஆர்டர் போடுங்க." பின்னால் இருந்து ஒருவர், அந்தப் பெண்ணுக்கு மட்டும் தெரிந்த எதையாவது சொல்லுங்கள் என்றார். ஒவ்வொரு நொடியும் எத்தனை கோப்புகள் பூட்டப்படும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். மைனிக்கு அவர்களைவிட நன்றாகத் தெரியும். அவர் விரல் திரையின் மேல் போய் நின்றது. பிறகு கைபேசியை மேசையில் வைத்துவிட்டார்.

"அதட்டிச் சொன்னா கேட்ருவா சார்," என்றார். "அதுக்குத்தான் பயப்படுதேன்."

நிபுணர் உட்கார்ந்தார். குளிரூட்டியின் இரைச்சல் மட்டும் கேட்டது. நான் குறிப்பெடுப்பதை நிறுத்தியிருந்தேன். எவ்வளவு நேரம் போயிற்று என்று எனக்குத் தெரியாது. எதையும் அளந்து எழுதப் பழகியவன், அன்று கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. உத்தரவு போடக்கூடிய ஒரு ஆள், போட்டால் நடந்துவிடும் என்று தெரிந்தும், கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். தான் இல்லாத ஏதோ ஒரு நாளில், தன் குரலில் வேறு யாராவது பேசலாம். அந்த நாளுக்காக இந்த நாளின் கோப்புகளை அவர் பணயம் வைத்திருந்தார். அது அந்த நேரத்தில் எனக்கு முழுதாகப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன்.

கைபேசி அதிர்ந்தது. மைனி எடுத்து மறுபடி ஒலிபெருக்கியைத் தட்டினார்.

"மேடம், மேட்ரன் சிஸ்டர் மாடியில ரவுண்ட்ஸ்ல இருந்தாங்க. ஓடிப் போய்க் கூட்டியாந்தேன். பக்கத்துலதான் நிக்காங்க. இப்போ சொல்லுங்க."

"நான்தான்டி. ரெண்டு வயரையும் புடுங்கு."

"புடுங்கியாச்சு."

தலைமைச் செவிலியான அந்த மேட்ரனும் "ஆமா, நான் பாத்தேன்" என்று மூச்சு வாங்கச் சொன்னார். அந்தப் பெண் தயங்கினாள். "மேடம், உங்க சத்தம்னு எனக்குத் தெரிஞ்சுது. இருந்தாலும் வச்சுட்டேன். ஏசுவியளா?"

"ஏசமாட்டேன் மக்கா. அடுத்த தடவ நான் அழுது சொன்னாலும் வை."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. மைனி அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. சென்னை நிபுணர் கை உயர்த்தி, இந்த விதியில் ஒரு குறை இருக்கிறது, இரண்டாவது ஆள் வேறு மாடியில் இருக்கக் கூடாது என்றார். "ஆமா சார், அது தப்புதான். மாத்தணும்," என்று சொல்லிவிட்டு மைனி மேடையை விட்டு இறங்கினார்.

என் வண்டியிலேயே அவரை நாகர்கோவிலுக்கு அழைத்துப் போனேன். சர்வர் தப்பிவிட்டது என்ற செய்தி சுசீந்திரம் தாண்டும்போது வந்தது. ஆய்வகக் கணினிகள் போயின, அந்த வாரத்துப் பரிசோதனை முடிவுகளோடு. பலருக்கு மறுபடி இரத்தம் எடுக்க வேண்டியிருக்கும். மைனி தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் பார்த்தார். மூடி திரும்பவில்லை. பாட்டிலை என்னிடம் நீட்டினார். ஓரமாக நிறுத்தித் திறந்து கொடுத்தேன்.

"அந்தப் பிள்ள திரும்பக் கூப்பிடாம இருந்திருந்தா?" என்று கேட்டேன்.

"கூப்பிடுவா," என்றார். பிறகு, வயல்களைப் பார்த்தபடி, "அப்படித்தான் நினைச்சேன். தெரியாது தம்பி," என்றார்.

அன்று மாலை பத்து வரி எழுதினேன். மாநாடு நடந்தது, இன்னின்னார் பேசினார்கள். இந்தச் சம்பவத்தை எழுத வேண்டாம் என்று மைனி கேட்டுக்கொண்டார். மருத்துவமனையின் பெயருக்காகத்தான் கேட்கிறார் என்று எண்ணினேன். காரணம் அதுவல்ல. "மேட்ரன்தான் ரெண்டாவது ஆளுன்னு ஒரு ஹால் பூரா கேட்டாச்சு. நீ பேப்பர்ல வேற போடு, ஊருக்கே தெரியட்டும். நாளைக்கே ஆள மாத்துறேன், அது வரைக்கும் வாயத் தொறக்காத."

பேசிப் பெயர் வாங்கியவர்களைப் பற்றி நான் நிறைய எழுதியிருக்கிறேன். வாயைத் திறக்காமல் நின்ற ஒருவரைப் பற்றி எழுத இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. மைனி இப்போதும் அதே மருத்துவமனையில்தான் இருக்கிறார். அந்தப் பெண்தான் இப்போது அங்கே புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். இதை எழுதலாமா என்று கேட்க மைனி வீட்டுக்குப் போயிருந்தேன். எழுதிக்கோ, அந்த ஏற்பாடெல்லாம் எப்போதோ மாறியாச்சு என்றார் மைனி. அப்படியானால் இப்போது இரண்டாவது ஆள் யார் என்று கேட்டேன்.

"சாயா குடிக்கியா?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போனார்.