குளத்தோரக் குளியலறை

குளோரின் வாசம் மூக்கில் ஏறினால் திருச்செங்கோட்டுப் பக்கத்து போர்வெல் ரிக் முதலாளி ஒருவர் நினைவுக்கு வந்துவிடுகிறார். வீட்டு நீச்சல் குளத்தை ஒட்டி வெளிக் குளியலறை கட்ட எஸ்டிமேட் போடச் சொல்லி என்னை அழைத்திருந்தார். கழுத்தில் கனத்த சங்கிலி. பேசும்போதெல்லாம் கார் சாவியால் காது குடைவார்.

இத்தாலி மார்பிளுக்கும், மழைபோல் கொட்டும் இரண்டு ஷவர்களுக்கும் உடனே தலையாட்டினார். கழிவறை என்ற வரியில் சாவி நின்றது.

"அத அடிச்சிருங்க. ஈசானி மூல, வாஸ்துக்கு ஆகாது."

"குளிக்க வர்ற விருந்தாளிங்க?"

"ஈரக்காலோட ஊட்டுக்குள்ள உட முடியாதுங்க. ஒரு மணி நேரம் அடக்கிக்க மாட்டாங்களா?"

குளம் சுத்தம் செய்கிற பெண் வலையோடு பக்கத்தில் நின்றிருந்தாள். "எனக்காச்சும் ஒண்ணு கட்டுங்க சாமி. காலையில இருந்து தண்ணி குடிக்காமயே வேல செய்யறேன்."

"அத்தாம்பெரிய சோளக்காடு கெடக்குதல்ல?" என்று அவர் அடுத்த காதுக்கு மாறினார்.

ஆயிரம் அடி ஆழத்தில், பாறைக்கு அடியில் ஓடும் தண்ணீரைக் கண்டுபிடித்துக் காசாக்கியவர் அவர். எதிரே நிற்கும் உடம்புக்குள் இருக்கும் தண்ணீர் மட்டும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. நானும் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். என்மேல் வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை.

"ஞாயித்துக்கெழம குடும்பத்தோட குளிக்க வாங்க" என்றார் பெருந்தன்மையாக.

கேட்டைத் திறந்துவிட வந்த அந்தப் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"வாரவங்க ஒருத்தரும் பொழுதுக்கும் குளத்த உட்டு எந்திரிக்கறதே இல்லீங்க. நீங்க அதுல எறங்கிராதீங்க, சாமி."